தைராய்டு சுரப்பியும் நம் வீட்டு உப்பும்

கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, பட்டாம்பூச்சி வடிவில் அமைந்துள்ளது தைராய்டு சுரப்பி. எடை ஏறத்தாழ 20 கிராமே ஆயினும், இதயத் துடிப்பு, உடல் வெப்பம், செரிமானம், மாதவிடாய், குழந்தையின் மூளை வளர்ச்சி ஆகிய அனைத்தும் இதன் இயக்குநீர்களைச் சார்ந்தவை.

அறிகுறிகள்

சுரப்பு குறைந்தால் சோர்வு, எடை கூடுதல், மலச்சிக்கல், குளிர் தாங்காமை, முடி உதிர்தல் ஆகியன தோன்றும். மிகுந்தால் படபடப்பு, கைநடுக்கம், மிகு வியர்வை, எடை இழப்பு உண்டாகும். பருத்தி, மக்காச்சோளக் காடுகளில் உழைக்கும் நம் பெரம்பலூர், அரியலூர் மாவட்டப் பெண்கள் இச்சோர்வை வேலைக் களைப்பென்றே எண்ணிவிடக்கூடும். டி.எஸ்.எச். என்னும் இரத்தப் பரிசோதனை உண்மையை உணர்த்தும்.

அயோடினின் தேவை

இயக்குநீர் உருவாக அயோடின் இன்றியமையாதது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராமும், கர்ப்பிணிகளுக்கு 250 மைக்ரோகிராமும் தேவை. இமாச்சலப் பிரதேசத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் மருத்துவர் வி. இராமலிங்கசுவாமி குழுவினர் தொடங்கிய ஆய்வு, அயோடின் கலந்த உப்பு கழுத்துக் கழலையைக் குறைப்பதை மெய்ப்பித்தது. 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று.

அரியலூர் மண்ணில் கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. ஆயினும் இன்று நமக்கு எளிதில் அயோடின் தருவது அடுக்களை உப்பே. 2018–19 தேசிய அயோடின் ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்திய வீடுகள் தமிழ்நாட்டில் 61.9 விழுக்காடு மட்டுமே. மாநிலங்களுள் இதுவே மிகக் குறைவு. சாதாரணக் கல்லுப்பில் போதிய அயோடின் இராது. உறையில் சிரிக்கும் சூரியன் முத்திரையைப் பார்த்து வாங்குக. மூடிய கலத்தில் வைத்து, சமையலின் இறுதியில் சேர்க்க. இரத்த அழுத்தம் உடையோர் உப்பின் அளவைக் குறைக்கலாம். வகையை மாற்ற வேண்டியதில்லை.

மாத்திரை உண்போர் கவனத்திற்கு

உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டைத் தாக்குவதாலும் சுரப்பு குறையும். அதற்கு அயோடின் உப்பு மருந்தாகாது. தைராக்சின் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் உட்கொண்டு, அரைமணி முதல் ஒருமணி நேரம் கழித்தே தேநீரோ உணவோ கொள்க. இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

கருவுற்றதும் அச்சத்தால் மாத்திரையை நிறுத்தலாகாது. முதல் மூன்று மாதங்களில் கரு, தாயின் தைராய்டு இயக்குநீரையே நம்பியுள்ளது. கருவுற்றதை உடனே மருத்துவரிடம் தெரிவித்து, மருந்தின் அளவைச் சரிபார்த்துக்கொள்க. பிறந்த குழந்தைக்குக் குறைபாடு இருப்பின், முதல் இரு வாரங்களுக்குள் தொடங்கும் சிகிச்சை அதன் அறிவு வளர்ச்சியைக் காக்கும்.