பாட்டுக் காசு யாருக்கு? எக்ஸெல்லில் கண்டுபிடிப்போம்

ஹேக்கத்தான் என்றதும் பாஸ்வேர்டு திருட்டு என்று பயந்துவிடாதீர்கள். சிலர் கூடி உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் ஒரு கேள்விக்கு ஒரே மூச்சில் விடை தேடுவதுதான் அது. சென்ற மாதம் திருத்தணியில், அத்தை வீட்டு மாடியில், நான்கு பிளஸ் டூ மாணவர்களுடன் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படிப் போயிற்று. கேள்வி இதுதான்: ஒரு பாட்டு ஒலிபரப்பானால் எழுதியவருக்கு என்ன சேர வேண்டும்?

முதலில் கொஞ்சம் சட்டம். காப்பிரைட் சட்டம் 2012-ல் திருத்தப்பட்டது. சினிமாப் பாட்டின் உரிமையை விற்றுவிட்டாலும், தியேட்டருக்கு வெளியே அது பயன்படும்போது வரும் ராயல்டியில் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் சமபங்கு உண்டு. அந்தப் பங்கைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. 1969-ல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பு இதை வசூலித்துப் பிரித்துத் தருகிறது. அப்படியானால் திருப்புகழுக்கு? எழுதியவர் மறைந்து 60 ஆண்டுகள் ஆனால் உரிமை முடிந்துவிடும். அருணகிரிநாதர் 15-ம் நூற்றாண்டுக்காரர். புது மெட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் மட்டும் தனி உரிமை உண்டு.

இனி எக்ஸெல். பாடல், மொழி, கவிஞர், தொகை என நான்கு காலம். மலைப் படிகளின் கணக்கில் 365 வரிகள். எல்லாம் கற்பனைத் தொகை. டேட்டாவுக்குள் ஏதாவது ஒரு செல்லில் கிளிக் செய்து, இன்செர்ட் டேபில் பிவட் டேபிள் கொடுத்து ஓகே தட்டுங்கள். பாடலை ரோஸ் பெட்டிக்கும் தொகையை வேல்யூஸ் பெட்டிக்கும் இழுத்து விடுங்கள். கூட்டுத்தொகைக்குப் பதில் கவுன்ட் வருகிறதா? எங்கோ ஒரு செல்லில் 'ரூ.50' என்று எழுத்தும் சேர்த்து டைப் செய்திருக்கிறீர்கள். எண் மட்டும் போதும்.

எங்களை மாட்டிவிட்டது ஸ்பெல்லிங். 'வள்ளி' என்ற பாட்டை ஆங்கிலத்தில் ஒருவர் ஒரு எல் போட்டும், மற்றவர் இரண்டு எல் போட்டும், மூன்றாமவர் கடைசியில் ஒய் போட்டும் அடித்திருந்தார்கள். எக்ஸெல்லுக்கு அவை மூன்று பாட்டுகள்: ரூ.120, ரூ.80, ரூ.40. கவிஞர் பங்கு கால்வாசி என்று வைத்துக்கொண்டால் அவருக்கு வர வேண்டியது ரூ.60. முதல் ஸ்பெல்லிங் மட்டும் அவர் பெயரில் பதிவாகியிருந்தால் ரூ.30-தான் கிடைக்கும், பாதி போச்சு!

பைலுக்கு ஒரு காப்பி எடுத்துக்கொண்டு, கண்ட்ரோல் + ஹெச் அழுத்தி ஸ்பெல்லிங்கை மாற்றுங்கள். ஆப்ஷன்ஸில் 'மேட்ச் என்டயர் செல் கான்டென்ட்ஸ்' டிக் செய்ய மறக்காதீர்கள். இல்லையென்றால் 'வள்ளிமலை'யும் சேர்ந்து மாறிவிடும். பிறகு பிவட் டேபிளில் ரைட் கிளிக் செய்து ரெப்ரெஷ் கொடுங்கள். கொடுக்கும் வரை பழைய கணக்குதான் தெரியும்.

அவசரத்தில் மாணவர்கள் எல்லா 'வள்ளி'யையும் ஒன்றாக்கிவிட்டார்கள். எல்லை ஊர் அல்லவா, தமிழ்ப் பாட்டின் தெலுங்கு டப்பிங்கும் லிஸ்டில் இருந்தது. மெட்டு ஒன்று, இசையமைப்பாளர் ஒருவர், ஆனால் எழுதியவர்கள் இருவர். தெலுங்குக் கவிஞரின் காசு தமிழ்க் கவிஞர் கணக்கில் ஏறிவிட்டது! ரோஸ் பெட்டியில் பாடலுக்கு மேலே கவிஞர் காலத்தையும் இழுத்து விடுங்கள். இருவரும் தனித்தனியே வந்து நிற்பார்கள்.