திருப்பூர்க்காரியின் ஆங்கிலம்

அன்புள்ள மலர்விழி கண்ணுக்கு,

பெரியப்பா எழுதுவது. 

அப்வொர்க் ஃப்ரீலான்ஸ் தளத்தில் ஆங்கிலத்துக்கு நேரே 'நேட்டிவ் ஆர் பைலிங்குவல்' என்று போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம், 'ஃப்ளூயன்ட்' என்றே இருக்கட்டும். முதல் வீடியோ காலிலேயே தெரிந்துபோகும். அதன்பிறகு உன் எழுத்தில் இல்லாத தப்பையும் தேட ஆரம்பிப்பார்கள்.

'நேட்டிவ் ஸ்பீக்கர் மட்டும்' என்று விளம்பரம் போடுகிறவர்கள்மேல் உனக்குக் கோபம். பாதி நியாயம்தான், பலர் பெயரையும் ஊரையும் பார்த்தே ஒதுக்குகிறார்கள். ஆனால் அமெரிக்கக் குடும்பத்தைச் சிரிக்கவைக்கிற விளம்பர வாசகமும் பேஸ்பால் கிண்டலும் அங்கே வளர்ந்தவர்களுக்குத்தான் வரும். ஆயுள் முழுக்க ஆங்கிலப் பத்திரிகையில் சப்-எடிட்டராக இருந்த எனக்கே வராது. அந்த வேலைகளுக்கு விண்ணப்பம் போட்டு மனசைக் கெடுத்துக்கொள்ளாதே. ஜோசப் கான்ராட் இருபது வயதுக்குமேல்தானே ஆங்கிலம் கற்றார் என்று யாராவது தேற்றினால் சிரித்து வை. அவர் நாவலுக்கு வருடக்கணக்கில் உட்கார்ந்தார். உனக்கு வியாழக்கிழமைக்குள் எண்ணூறு வார்த்தை.

உன் பலம் வேறு, நீ எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருந்தவள். 180 ஜிஎஸ்எம் துணியைத் தொட்டே சொல்லிவிடுவாய். முதல் சலவையில் டி-ஷர்ட் ஏன் சுருங்குகிறது என்று எழுதச் சொன்னால், துணியையே அறியாதவர் 'நல்ல பருத்தியாகப் பார்த்து வாங்குங்கள்' என்று முடித்துவிடுவார். துணியை முன்கூட்டியே சுருக்கிவைக்கும் காம்பாக்டிங்கைச் சரியாகச் செய்யாமல் தள்ளிவிட்ட துணி நீளவாக்கில் குறையும் என்று உனக்குத் தெரியும். ஜிஓடிஎஸ் என்ற ஆர்கானிக் சான்று லேபிளில் வெறும் 'ஆர்கானிக்' என்று போட 95 சதவீதம் ஆர்கானிக் நார் வேண்டும், 'மேட் வித் ஆர்கானிக்' என்றால் 70 போதும் என்பதும் தெரியும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதினால் பிராண்டுக்குத்தான் தலைவலி. 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடிக்கிடந்து ஊரே தவித்ததைப் பார்த்தவள் நீ. சாயக்கழிவு பற்றி உன்னைப்போல் எத்தனை பேர் எழுதிவிட முடியும்? 'எதை வேண்டுமானாலும் எழுதித் தருவேன்' என்று புரொஃபைலில் போட்டிருக்கிறாயே, அதை முதலில் எடு. துணி, நூல், சாயம், ஏற்றுமதி என்று போடு. சின்ன ஆடை பிராண்டுகளுக்கும் நிட்டிங் மெஷின் விற்கிறவர்களுக்கும் நீயே மெயில் அனுப்பு.

மொழியை விட்டுவிடலாம் என்று சொல்லவில்லை. உன் கட்டுரையில் 'எ' (a), 'த' (the) என்ற ஆர்ட்டிகிள்கள் இரண்டும்தான் அதிகம் இடறுகின்றன. தமிழில் அவை இல்லாததால் கண் தாண்டிப் போய்விடுகிறது. கடைசியில் அவற்றுக்காக மட்டும் ஒருமுறை படி, வாய்விட்டுப் படி. 'டிஸ்கஸ்' பக்கத்தில் 'அபவுட்' வேண்டாம். 'டூ த நீட்ஃபுல்' நம் ஆபீஸோடு நிற்கட்டும். லட்சம், கோடியை மில்லியனாக மாற்று. அமெரிக்கர் 5/6 என்று கெடு எழுதினால் அது மே 6. எந்த ஊர் எழுத்துக்கூட்டல், எந்த ஸ்டைல் கைடு என்பதை வேலை தொடங்குமுன்பே கேட்டுவிடு.

'ஏஐ எழுதியது' என்று ஒருவர் கட்டுரையைத் திருப்பி அனுப்பியதைச் சொல்லி அழுதாயாம், உன் அம்மா சொன்னாள். அந்தச் சோதிக்கும் கருவிகளின் லட்சணம் ஏற்கெனவே வெளிவந்ததுதான். 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபல் கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்குமேல் இயந்திரம் எழுதியது என்று தவறாகக் காட்டின. எளிய, பழகிய சொற்களில் எழுதுவதே அங்கே குற்றமாகிவிடுகிறது. அதனால் முதல் வரியிலிருந்தே கூகுள் டாக்ஸில் எழுது. வெர்ஷன் ஹிஸ்டரி உனக்குச் சாட்சி. உன் வரிகளை சாட்ஜிபிடியிடம் கொடுத்து மெருகேற்றாதே. பிறகு அந்தச் சாட்சியும் எடுபடாது.

பணத்தில் நீ இன்னும் ஏமாளிதான். ஃபைவர் தளத்தில் நூறு டாலர் வேலைக்கு எண்பதுதான் கைக்கு வரும், டாலர் மாற்றுவதிலும் கொஞ்சம் போகும். விலை சொல்லும்போதே அதைக் கணக்கில் எடு. நேரடியாக வரும் ஆளிடம் பாதி முன்பணம் வாங்காமல் தொடங்காதே, எத்தனை திருத்தம் இலவசம் என்பதையும் மெயிலில் எழுதி வை. வெளிநாட்டிலிருந்து வருவதில் யாரும் டிடிஎஸ் பிடிப்பதில்லை என்பதால் வரியே இல்லை என்று இருந்துவிடாதே. வருட வரி பத்தாயிரத்தைத் தொட்டால் அட்வான்ஸ் டாக்ஸ் கட்ட வேண்டும். ஆடிட்டரை ஒருமுறை பார்த்துவிடு.

டி-ஷர்ட் சுருங்குவது பற்றிய கட்டுரையை முடித்ததும் எனக்கு அனுப்பு, சிவப்பு மையில் திருத்தித் தருகிறேன். அதைக் கேட்ட லண்டன்காரர் முன்பணம் போட்டாரா இல்லையா என்றும் எழுது. இல்லையென்றால் அடுத்த பத்தியை அனுப்பாதே.

அன்புடன்,
பெரியப்பா