நிலம் இல்லாவிட்டாலும் தோட்டக்கலை படிக்கலாம்

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் நம் வீடுகளில் பேசப்படும் படிப்புகள் நாலைந்துதான். மருத்துவம், பொறியியல், பி.காம்., பி.சி.ஏ. இவை அமையாவிட்டால் கடை, அல்லது வெளிநாட்டு வேலை. தோட்டக்கலை என்று யாராவது சொன்னால், "நமக்கு ஏது நிலம்?" என்று பேச்சை முடித்துவிடுகிறோம். ஆனால் நாமக்கல், சேந்தமங்கலம், ராசிபுரம் பகுதிகளில் வாழும் நமக்குக் கொல்லிமலை கண்ணெதிரே இருக்கிறது. அங்கு விளைவதை வாங்கி விற்பதோடு நின்றுவிடாமல், அதைப் படித்துத் தொழிலாக்கவும் வழி உண்டு. பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படியுங்கள்.

மலையில் என்ன விளைகிறது?

கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கும் மேலே இருப்பதால் அன்னாசி, பலா, மலைவாழை, கொய்யா, ஆரஞ்சு, மிளகு, காபி எல்லாம் கொல்லிமலையில் விளைகின்றன. மரவள்ளியும் உண்டு. விளைச்சலில் பெரும்பகுதி மலைவாழ் மக்களின் உழைப்பு. விளைந்த பழம் காரவள்ளி வழியாக 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கீழே வரவேண்டும். அடிபட்ட பழத்துக்கு மண்டியில் பாதி விலைகூடக் கிடைக்காது. பலா ஒரே நேரத்தில் வந்து குவிந்தால் விலை விழும். தரம் பிரிப்பது, பெட்டியில் அடுக்குவது, பதப்படுத்துவது, நோயில்லாத கன்று தருவது ஆகிய வேலைகளுக்குப் பயிற்சி பெற்றவர்கள் தேவை. இவற்றில் எதற்கும் சொந்தத் தோட்டம் அவசியமில்லை.

என்ன படிக்கலாம்?

பட்டப்படிப்பு: பி.எஸ்சி. (ஹானர்ஸ்) தோட்டக்கலை, 4 ஆண்டுகள். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் கோவையிலும் பெரியகுளத்திலும் கல்லூரிகள் உள்ளன. திருச்சியில் பெண்களுக்கென்றே தனித் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. மகளைத் தூரத்தில் விடத் தயங்கும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். சேர்க்கைக்கு நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத இடஒதுக்கீடு இதற்கும் பொருந்தும். 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் உண்டு. ஜாதிச் சான்றிதழைத் தேர்வு முடிவுக்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டிப்ளமோ: தோட்டக்கலையில் 2 ஆண்டு டிப்ளமோ உள்ளது. இதை முடித்தவர்கள் உதவி தோட்டக்கலை அலுவலர் பணிக்கும், பட்டம் பெற்றவர்கள் தோட்டக்கலை அலுவலர் பணிக்கும் விண்ணப்பிக்கலாம். பட்டதாரிகளுக்கு வங்கிகளில் வேளாண் அலுவலர் தேர்வும் இருக்கிறது. விதை நிறுவனம், சொட்டுநீர்ப் பாசன நிறுவனம், நாற்றுப் பண்ணை ஆகியவற்றிலும் வேலை உண்டு.

குறுகிய பயிற்சி: பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்களும் இல்லத்தரசிகளும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். வாழை பற்றி அறிய திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பழம் பதப்படுத்துதலுக்குத் தஞ்சாவூரில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் உள்ளது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

பயிற்சி எதற்கு, ஒரு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து அன்னாசி போட்டால் போகிறது என்று சிலர் நினைக்கலாம். இரட்டை வரிசை நடவில் செடிக்குச் செடி 30 செ.மீ., வரிசைக்கு வரிசை 60 செ.மீ., பாத்திக்குப் பாத்தி 90 செ.மீ. இடைவெளி விடுவார்கள். அப்படிப் பார்த்தால் ஒரு ஏக்கருக்கு ஏறத்தாழ 18,000 கன்றுகள் வேண்டும். கன்று விலை, நடவுக் கூலி, களை எடுப்பு, உரம் எல்லாம் முதலிலேயே கையை விட்டுப் போகும். பழம் வர 18 முதல் 24 மாதங்கள் ஆகும். அதுவரை வீட்டுச் செலவு எங்கிருந்து வரும்? எல்லாச் செடியும் ஒரே சமயம் பூக்க, 35 முதல் 40 இலை வந்த பருவத்தில் ஊக்கி மருந்து கொடுக்க வேண்டும் என்பது தெரியாவிட்டால், பழம் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும். வண்டி வாடகைக்குக்கூட அது கட்டாது. நகையை விற்றுக் குத்தகை எடுப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் படித்தவர் ஒருவரிடம் காட்டுவது நல்லது.

சிறு முதலில் தொடங்க நினைப்பவர்களுக்கு நாற்றுப் பண்ணை பொருத்தமானது. விதையிலிருந்து வளர்ந்த பலா காய்க்க ஏழெட்டு ஆண்டுகள் ஆகலாம். ஒட்டுக்கன்று நான்கைந்து ஆண்டுகளில் காய்க்கும். ஒட்டுக் கட்டத் தெரிந்த கைக்குச் சில சென்ட் இடமும் நிழல்வலையும் தண்ணீரும் இருந்தால் போதும்.

குத்தகையில் கவனம்

மலை நிலங்களில் பல, பழங்குடியினருக்கு நிபந்தனையோடு ஒப்படைக்கப்பட்டவை. பட்டாவையும் நிலத்தின் வகைப்பாட்டையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் சரிபார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். இன்னொருவருடைய நிலத்தை அவருக்குப் புரியாத பத்திரத்தில் எழுதி வாங்குவது நமக்கு ஆகாது.

மரத்தைக் காய்ப்புக்கு முன்பே பேசி முடிக்கும் வழக்கமும் வியாபாரத்தில் உண்டு. கனிகள் பக்குவம் அடையும் அறிகுறி தெரியுமுன் விற்பதையும், பல ஆண்டுக் காய்ப்பை மொத்தமாக முன்கூட்டியே விற்பதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். காய்க்காமல் போனால் ஒருவருடைய பணம் மற்றவரிடம் வீணாகத் தங்கிவிடும் என்பதே காரணம். உங்கள் ஒப்பந்தம் எப்படி அமைய வேண்டும் என்று ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விளைச்சலில் பங்கு என்று பேசிக்கொள்வது இரு தரப்புக்கும் நிம்மதி தரும்.

இப்போது செய்ய வேண்டியவை

1. பிள்ளையை ஒரு நாள் மலைத் தோட்டத்துக்கும் சோளக்காடு சந்தைக்கும் அழைத்துச் சென்று, வெயிலும் சேறும் ஒத்துவருமா என்று பாருங்கள்.

2. வேளாண் அறிவியல் நிலையத்தில் அடுத்த பயிற்சி தேதியைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

3. பட்டமோ டிப்ளமோவோ முடித்து ஊரில் தொழில் தொடங்க விரும்புவோருக்கு மத்திய அரசு 2002 முதல் வேளாண் மருந்தக, வேளாண் வணிக மையத் திட்டத்தில் 45 நாள் இலவசப் பயிற்சி அளிக்கிறது. அதை விசாரியுங்கள்.

4. விளைச்சல் கண்டதும் உஷ்ர் கணக்கை மறக்க வேண்டாம். மழையில் விளைந்ததற்குப் பத்தில் ஒரு பங்கு, செலவு செய்து நீர் பாய்ச்சியதற்கு இருபதில் ஒரு பங்கு.

மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கு ஒதுக்கும் படிப்பு இது என்று எண்ண வேண்டாம். மண்ணில் ஆர்வமும் கணக்கில் கவனமும் உள்ள பிள்ளைக்கு இது நல்ல படிப்பு. ஹலாலான, ஊரை விட்டுப் போகத் தேவையில்லாத தொழில். இந்த ஆண்டு விண்ணப்பிக்கும் படிப்புகளின் பட்டியலில் தோட்டக்கலையையும் ஒரு வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.