யாரு பேசறது? டயல்-அப் ரவுட்டர் பற்றித் தெரிந்து கொள்வோம்



இப்போது செல்போனைத் தொட்டாலே இன்டர்நெட் வந்துவிடுகிறது. 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டபோது இப்படி இல்லை. டெலிபோன் கம்பி வழியாகத்தான் போகணும். கம்ப்யூட்டர் பக்கத்தில் மோடம் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அது நம்பரை டயல் செய்து, கீச்சு கீச்சென்று கத்தும். இரண்டு பக்கத்து மோடமும் எந்த வேகத்தில் பேசிக்கொள்ளலாம் என்று ஒத்துக்கொள்ளும் சத்தம்தான் அது. சரி, அந்தப் பக்கம் போனை எடுத்தது யார்? மனுஷங்க இல்லை. டயல்-அப் ரவுட்டர் என்ற பெட்டி.

ஒரே நம்பருக்கு எத்தனையோ பேர் கூப்பிடுவார்கள். ஒரு டிஜிட்டல் லைனில் ஒரே நேரத்தில் 30 அழைப்புகள் வரை அந்தப் பெட்டி எடுக்கும். 31-வது ஆளுக்கு எங்கேஜ்டு சத்தம்தான்.

இதில் இன்னொரு தொல்லையும் இருந்தது. நாம் போனில் பேசினால் சில நிமிஷத்தில் வைத்துவிடுவோம். இன்டர்நெட்டுக்குப் போனவர் ஒரு மணி நேரம் லைனை விடமாட்டார். சாதாரணப் பேச்சுக்காகக் கட்டிய எக்ஸ்சேஞ்ச் திணறிப்போகும். அடையாறை ஒட்டியுள்ள ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் இதற்கு ஒரு வழி செய்தார்கள். அவர்கள் உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லா டெலிபோனில், பேச்சு ஒரு பக்கமும் இன்டர்நெட் ஒரு பக்கமும் பிரிந்துவிடும். பேச்சு எக்ஸ்சேஞ்சுக்குப் போகும். இன்டர்நெட் அழைப்பை ராஸ் என்ற தனிப் பெட்டி வாங்கிக்கொள்ளும். டவரிலிருந்து 10 கிலோமீட்டர் தூரம் வரை கம்பி இழுக்காமலே இணைப்பு கொடுக்கலாம். 2001-ல் மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்துக் கிராமங்களில் இதை வைத்து இன்டர்நெட் மையங்கள் தொடங்கினார்கள். மனு அனுப்புவது, கண்ணைப் படம் எடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்புவது எல்லாம் அங்கே நடந்தது. மையத்தை நடத்தியவர்களில் பெண்களும் உண்டு.

அப்படி ஒரு மையத்திலிருந்து ஒரு சகோதரி இணைப்பு கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நம் குழுக் கூட்டத்தில் என்ன செய்கிறோம்? முதலில் வருகைப் பதிவேடு. யார் வந்திருக்கிறார், நம்ம உறுப்பினர்தானா? பெட்டியும் முதலில் பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்கும். அப்புறம் இவருக்கு எதுவரை அனுமதி என்று பார்க்கும். எத்தனை மணிக்கு வந்தார், எப்போது போனார் என்பதையும் எழுதி வைக்கும். பில் அதை வைத்துத்தான். உள்ளே வந்தவருக்கு ஒரு தற்காலிக முகவரி எண் கிடைக்கும். டோக்கன் மாதிரி, அவர் போனதும் அது அடுத்தவருக்குப் போய்விடும்.

பாஸ்வேர்டை லைனில் அப்படியே சொன்னால் நடுவில் ஒட்டுக்கேட்பவர் பிடித்துக்கொள்வாரே? அதற்கும் ஒரு யுக்தி வைத்தார்கள். பெட்டி ஒவ்வொரு தடவையும் புதுசாக ஒரு எண்ணை அனுப்பும். நம் கம்ப்யூட்டர் அதோடு பாஸ்வேர்டைச் சேர்த்து ஒரு கணக்குப் போட்டு, விடையை மட்டும் அனுப்பும். அதே கணக்கைப் பெட்டியும் போட்டுப் பார்க்கும். விடை ஒத்துப்போனால் உள்ளே வரலாம். ஒட்டுக்கேட்டவர் கையில் கிடைத்த விடை அடுத்த தடவைக்கு உதவாது.

எங்களுக்குப் பிடித்தது இன்னொரு முறை, திருப்பிக் கூப்பிடுவது. சில அலுவலகங்களில் நாம் கூப்பிட்டதும் பெட்டி பெயரைக் கேட்டுக்கொண்டு லைனைத் துண்டித்துவிடும். பிறகு, ஏற்கெனவே பதிவு செய்த நம்பருக்கு அதுவே கூப்பிடும். வேறு யாராவது நம்ம பெயரைச் சொல்லியிருந்தால் ஏமாந்துதான் போவார். போன் செலவும் அலுவலகத்தைச் சேர்ந்தது! "பேங்கிலிருந்து பேசறோம், ஓ.டி.பி. சொல்லுங்கம்மா" என்று இப்போது போன் வருகிறதே, அதற்கும் இதே வழிதான். போனை வைத்துவிட்டு, பாஸ்புக்கில் அச்சடித்திருக்கும் கிளை நம்பருக்கு நாமே கூப்பிட வேண்டும். ஓ.டி.பி.யை அப்போதும் சொல்லக் கூடாது. உண்மையான பேங்க் அதைக் கேட்பதில்லை.

இதுவரை சொன்னது தனி ஆள் வருவது. ஒரு கிளை அலுவலகமே தலைமை அலுவலகத்தோடு பேச வேண்டுமென்றால்? அங்கே பத்து கம்ப்யூட்டர் இருந்தாலும் பத்து போன் தேவையில்லை. கிளையில் ஒரு ரவுட்டர், தலைமையில் ஒரு ரவுட்டர், அவை இரண்டும் பேசிக்கொள்ளும். எந்தக் கம்ப்யூட்டர் எந்தப் பக்கம் இருக்கிறது என்ற பட்டியல் அவற்றிடம் உண்டு. கிளையில் யாராவது கணக்கு அனுப்பினால், "இது அந்தப் பக்கத்துக்குப் போக வேண்டியது" என்று ரவுட்டர் தானே டயல் செய்யும். கொஞ்ச நேரம் எதுவும் போகவில்லை என்றால் தானே லைனை வைத்துவிடும். எதற்கெல்லாம் டயல் செய்யலாம் என்று ஆரம்பத்திலேயே சொல்லி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசும் சில்லறைப் பேச்சுக்கெல்லாம் லைன் திறந்தே கிடக்கும். ராத்திரி அலுவலகத்தைப் பூட்டிவிட்டுப் போன பிறகும் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். மாசக் கடைசியில் பில் வரும்போதுதான் விஷயம் தெரியும்.