துப்பறியும் சாம்பு: நகைச்சுவைத் துப்பறியும் கதையை நயத்தல்

மாணவர்களே, “இக்கதை உங்களைக் கவர்ந்தமைக்கான காரணங்கள் யாவை?” என்ற வினாவுக்குப் பலர் “வாசிக்கும்போது சிரிப்பு வருகிறது” என்று மட்டும் எழுதி நிறுத்திவிடுகின்றனர். அது விடையின் தொடக்கமே. சிரிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்று காட்டினால்தான் அது நயத்தல் ஆகும்.

1. அறிமுகம்

‘துப்பறியும் சாம்பு’ 1940களில் ஆனந்த விகடனில் வெளிவந்த கதைத் தொடர். ஆசிரியர் தேவன் (1913 - 1957). இவரது இயற்பெயர் ஆர். மகாதேவன். கதைத்தலைவன் சாம்பு ஒரு வங்கிக் குமாஸ்தா; அசடு என்று பெயர் வாங்கியவன். தற்செயலாக அவனால் ஒரு குற்றம் வெளிப்பட, ஊரார் அவனை மேதை எனக் கொண்டாடுகின்றனர். இன்ஸ்பெக்டர் கோபாலனும் அவனை நாடி வருகிறார்.

2. பின்னணி

ஜே. ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோரால் துப்பறியும் நாவல் முன்னரே தமிழ் வாசகர்க்குப் பழக்கமாகியிருந்தது. அக்கதைகளின் துப்பறிவாளன் கூரிய அறிவினன். தேவன் அந்த வார்ப்பைத் தலைகீழாக்கினார். பழைய வார்ப்பை அறிந்த வாசகனுக்கே இந்த மாற்றத்தின் சுவை முழுமையாகப் புரியும்.

3. நகை பிறக்கும் வகை

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. அவற்றுள் மூன்றை இங்கே பொருத்திப் பார்க்கலாம்.

(அ) பேதைமை: இது அறியாமை. சாம்புவிடம் உள்ளது. அவன் ஒன்றை நினைத்துச் செய்ய, வேறொன்று நிகழ்கிறது.

(ஆ) மடன்: கொண்ட எண்ணத்தை விடாது பற்றி நிற்றல். இது சாம்புவைச் சூழ்ந்தோரிடம் உள்ளது. அவன் திருதிருவென விழித்தாலும் ஆழ்ந்த யோசனை என்கின்றனர். உண்மை வாசகருக்குத் தெரியும், பாத்திரங்களுக்குத் தெரியாது. இந்த இடைவெளியே கதையின் உயிர்.

(இ) எள்ளல்: இது ஆசிரியருடையது. புகழ் வந்தபின் ஒருவரை ஆராயாமல் போற்றும் சமூகத்தையே அவர் எள்ளுகிறார்.

4. மர்மச்சுவை குறைகிறதா?

இல்லை. வழக்கமான துப்பறியும் கதையில் “குற்றவாளி யார்?” என்று கேட்கிறோம். இங்கே “இந்த அசடு எப்படி அவனிடம் போய்ச் சேரப்போகிறது?” என்றும் கேட்கிறோம். முடிவில் சாம்பு வெல்வான் என்று தெரிந்தும் வழி தெரியாததால் ஆவல் குன்றுவதில்லை.

5. சிந்திக்க

பலவீனன் ஒருவனைப் பார்த்துச் சிரிப்பது சரியா? நல்ல வினா. கதையில் அகப்படுவோர் திட்டமிட்டுக் குற்றம் செய்தவர்கள். அகப்படுத்துபவன் திட்டமே இல்லாதவன். மேலும், அசடு என்றபோதும் மேதை என்றபோதும் சாம்பு ஒரே சாம்புதான். மாறியது ஊர் சூட்டிய பெயர் மட்டுமே. வகுப்பில் ஒருவனுக்கு “மொக்கு” என்று பெயர் வைத்துவிட்டால் அவன் சொல்லும் சரியான விடையும் நம் காதில் விழுவதில்லை. அந்தத் தவற்றையே தேவன் மறுபக்கமிருந்து காட்டுகிறார். ஆகவே நமது சிரிப்பு சாம்புவோடு நின்றுவிடாமல் நம்மிடமும் திரும்புகிறது.

6. விடை எழுதும்போது

• கதைச்சுருக்கத்தை நான்கு வரிக்கு மேல் எழுதாதீர்கள்.
• ஒவ்வொரு காரணத்துக்கும் கதையிலிருந்து ஒரு நிகழ்ச்சியைக் காட்டுங்கள்.
• “மிக நன்று”, “அருமை” போன்ற சொற்கள் காரணம் ஆகமாட்டா.

பயிற்சி

1. பேதைமை, மடன் ஆகியவற்றின் வேறுபாட்டை நீங்கள் வாசித்த சாம்பு கதை ஒன்றைக் கொண்டு விளக்குக.
2. “சாம்புவின் வெற்றி அதிர்ஷ்டத்தின் வெற்றி மட்டுமே.” இக்கூற்றை நீர் ஏற்கின்றீரா? காரணம் தருக.