கார்பேஜ் டிஸ்போசல் கசிந்தால் காசு யார் கொடுப்பது?

கேள்வி: கலிஃபோர்னியாவில், சன்னிவேலில் ஒரு அப்பார்ட்மென்ட்டில் நான்கு வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். போன மாதம் ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, சாப்பிட்ட தட்டில் கிடந்த முருங்கைக்காய்ச் சக்கையைத் தெரியாமல் சிங்க்கில் தள்ளி கார்பேஜ் டிஸ்போசலைப் போட்டுவிட்டார். உறுமல் மட்டும் கேட்டது, சுற்றவில்லை. மெயின்டனன்ஸ் ஆள் வந்து சக்கையை எடுத்துக் காட்டினார். அவர் சிங்க்குக்குக் கீழே இருந்த சாமான்களை நகர்த்தியபோதுதான் கேபினெட் பலகை ஊறி உப்பியிருப்பதைப் பார்த்தோம். டிஸ்போசலின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "புதுசு மாற்ற வேண்டும், தவறு உங்களுடையது" என்று ஆபீசிலிருந்து 465 டாலருக்கு பில் வந்திருக்கிறது. கட்டாவிட்டால் டெபாசிட்டில் பிடிப்பார்களாம். டிஸ்போசல் அடைப்புக்குக் குடியிருப்பவரே பொறுப்பு என்று லீஸிலும் ஒரு வரி இருக்கிறது. அம்மா இப்போதெல்லாம் சிங்க் பக்கமே போவதில்லை. கடையில் ஒன்று வாங்கி நானே மாட்டிவிடலாமா? அல்லது ஆள் வைத்து மாற்றி, அந்தத் தொகையை வாடகையில் கழித்துக்கொள்ளலாமா?

பதில்: முதலில் அம்மாவைச் சமாதானப்படுத்துங்கள். நீங்கள் எழுதியிருப்பதில் இருப்பது ஒரு பழுது அல்ல, இரண்டு. ஆபீஸ் இரண்டையும் சேர்த்து ஒரே பில்லாகப் போட்டிருக்கிறது. பிரித்துப் பார்த்தால் அதில் பெரும்பங்கு உங்கள் தலையில் விழக்கூடாது என்பதே என் கருத்து.

சக்கை சிக்கியது முதல் பழுது. முருங்கை, வாழைப்பூ, தேங்காய் நார் போன்றவை அரைபடாமல் உள்ளே சுற்றிக்கொண்டு தட்டை இறுக்கிவிடும். மோட்டார் சுழல முயன்று உறுமும். சூடேறியதும் அடியில் இருக்கும் சிவப்பு ரீசெட் பட்டன் வெளியே தள்ளிக்கொண்டு வந்து எல்லாம் நின்றுவிடும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அடிப்பாகத்தின் நடுவில் உள்ள துளையில் கால் அங்குல ஆலன் சாவியை விட்டு இருபக்கமும் திருப்பினால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். பிறகு பட்டனை அமுக்கினால் ஓடும். சிறிய வேலைதான். அதற்கான நியாயமான கூலியை அவர்கள் கேட்டால் கொடுத்துவிடுங்கள். லீஸில் உள்ள அந்த வரி இந்தப் பழுதுக்குப் பொருந்தும்.

கசிவு அப்படியல்ல. எந்த இடத்தில் கசிகிறது என்பதில்தான் உங்கள் வழக்கே இருக்கிறது. மேலே சிங்க்கோடு சேரும் வளையத்தில் கசிந்தால் அங்கே பூசிய புட்டி காய்ந்திருக்கும். பக்கவாட்டில் என்றால் டிஷ்வாஷர் குழாயின் கிளாம்ப் தளர்ந்திருக்கும். இரண்டையும் சரிசெய்துவிடலாம். அடிப்பாகத்திலிருந்தே சொட்டினால், தண்ணீர் மோட்டாருக்குள் இறங்காமல் தடுக்கும் சீல் தேய்ந்துவிட்டது அல்லது உடம்பு துருப்பிடித்துவிட்டது என்றுதான் பொருள். அதற்குப் புதிது மாற்றுவதே வழி. அந்தச் சீல் வருடக்கணக்கில் தேய்வது, ஒரு வேளைச் சாம்பாரில் போவதல்ல. உப்பிப்போன பலகையே உங்களுக்குச் சாட்சி: தண்ணீர் ரொம்ப நாளாகச் சொட்டியிருக்கிறது.

இதே பலகையை அவர்களும் உங்களுக்கு எதிராகக் காட்டலாம். கசிவு தெரிந்தும் சொல்லாமல் இருந்துவிட்டீர்கள் என்று வாதிட்டால், பலகைக்கு ஏற்பட்ட சேதத்தை உங்கள் கவனக்குறைவாகக் காட்ட வழி கிடைக்கும். ஆகவே, அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தீர்கள், அன்றே அவர்கள் ஆளுக்கும் தெரியும் என்பதை இன்றே மின்னஞ்சலில் எழுதி வையுங்கள்.

சட்டம் சொல்வது இதுதான். குடியிருப்பவர் சாதாரணக் கவனம்கூட இல்லாமல் கெடுத்ததை அவர்தான் சரிசெய்ய வேண்டும் என்கிறது கலிஃபோர்னியா சிவில் கோட் 1929. ஆனால் பழக்கத்தில் இயல்பாகத் தேய்ந்ததற்கு டெபாசிட்டில் கை வைக்க முடியாது என்கிறது அதே கோடின் 1950.5. உங்கள் தவறுதான் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், பத்து வருடம் ஓடிய பழைய கருவிக்குப் புதியதன் முழு விலையை வாங்குவது நியாயமில்லை. மிச்சமிருந்த ஆயுளுக்கு ஏற்ற பங்கை மட்டுமே கேட்கலாம். தரைவிரிப்பு போன்றவற்றுக்கு மாநில அரசின் வாடகைக் கையேடு சொல்லும் கணக்கும் இதுதான். அதனால் கருவியின் வயது முக்கியம். அடியிலோ பக்கத்திலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்கும். அதைக் கொண்டு எந்த வருடத் தயாரிப்பு என்று கம்பெனியிடமே கேட்டுக்கொள்ளலாம். பழைய கருவியைக் கழற்றி எடுத்துப்போவதற்குள் அந்த ஸ்டிக்கரை, சொட்டும் இடத்தை, பலகையைப் படம் எடுத்துவிடுங்கள். சொட்டுவதை வீடியோவும் எடுங்கள். குப்பைத் தொட்டிக்குப் போய்விட்டால் உங்கள் சாட்சி அதோடு போயிற்று.

லீஸில் இருப்பது அடைப்பைப் பற்றிய வரி. தேய்ந்துபோனதை மாற்றும் செலவை அதற்குள் திணிக்க முடியாது. அப்படியே எழுதியிருந்தாலும், டெபாசிட் குறித்த உங்கள் உரிமையை முன்கூட்டியே விட்டுக்கொடுக்க வைக்கும் நிபந்தனை 1953ஆம் பிரிவின்படி செல்லாது.

இனி நீங்களே மாட்டுவது. எழுத்தில் அனுமதி வாங்காமல் வேண்டாம். சிங்க்கிலிருந்து கழற்றி மாட்டுவது கைப்பழக்கம் உள்ளவருக்குக் கடினமில்லைதான். ஆனால் சிறு விஷயங்கள் காலை வாரும். புதுக் கருவியில் டிஷ்வாஷர் குழாய் சேரும் வாயில் ஒரு பிளாஸ்டிக் அடைப்பு இருக்கும். வீட்டில் டிஷ்வாஷர் இருந்தால், மாட்டும் முன் அதைத் தட்டி எடுத்துவிட வேண்டும். மறந்தால் டிஷ்வாஷர் தண்ணீருக்குப் போக வழியிருக்காது. சிங்க் ஓரத்தில் நிற்கும் ஏர் கேப் வழியாக மேடையெல்லாம் கொட்டும். நீங்கள் மாட்டியது கசிந்து கீழ்வீட்டுக் கூரை நனைந்தால், இன்று உங்களுடையதல்லாத பொறுப்பு நாளை உங்களுடையதாகிவிடும். கருவி வீட்டுக்காரருடையது, மாற்றும் வேலையும் அவருடையதாகவே இருக்கட்டும்.

வாடகையில் கழிக்கும் உரிமை 1942ஆம் பிரிவில் இருக்கிறது. முன்னறிவிப்பு கொடுத்து நியாயமான காலம் காத்திருக்க வேண்டும். 30 நாள் போதும் என்று சட்டமே கருதுகிறது. செலவு ஒரு மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. 12 மாதத்தில் இரண்டு முறைதான் செய்யலாம். இவ்வளவும் வீடு குடியிருக்கத் தகுதியற்றுப் போகும் பழுதுகளுக்கானது. குடியிருக்கத் தகுதியான வீட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சட்டம் தரும் கட்டாயப் பட்டியலில் டிஸ்போசல் இல்லை. 2026 ஜனவரி 1 முதல் செய்யப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் லீஸ்களுக்கு அடுப்பும் ஃபிரிட்ஜும் அதில் சேர்ந்துவிட்டன, டிஸ்போசல் சேரவில்லை. ஆனால் குழாய், கழிவுநீர் அமைப்பு ஒழுங்காக இருக்க வேண்டும் என்பது பட்டியலில் உண்டு. கண்ணுக்குத் தெரியும் பூஞ்சையும் சட்டப்படி ஒரு குறைபாடுதான். எனவே கசிவை நிறுத்தச் சொல்லும் உங்கள் கோரிக்கை வலுவானது, டிஸ்போசலையே புதிதாகக் கேட்பது அந்த அளவு வலுவானதல்ல. இப்படி இருபக்கமும் பேச இடமுள்ள விஷயத்தில் வாடகையைக் குறைத்துக் கட்டாதீர்கள். மூன்று நாள் நோட்டீஸ் கதவில் ஒட்டப்படும், அங்கிருந்து வெளியேற்ற வழக்கு வரை போகலாம். 465 டாலருக்காக வீட்டையே பணயம் வைக்க வேண்டாம்.

பலர் கவனிக்காமல் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஆன்லைனில் வாடகை கட்டும்போது, சில மேனேஜ்மென்ட்களின் கணக்கு பழைய பாக்கியை முதலில் எடுத்துக்கொள்ளும். நீங்கள் முழு வாடகை கட்டியிருந்தாலும் அதில் 465 டாலர் பில்லுக்குப் போய், வாடகை குறைகிறது என்று காட்டும். பணம் எந்தக் கடனுக்கு என்று சொல்லும் உரிமை செலுத்துபவருக்கே உண்டு என்கிறது 1479ஆம் பிரிவு. கட்டும்போதே 'இது இந்த மாத வாடகைக்கு மட்டும்' என்று குறிப்பிட்டு, அதே வாசகத்தை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.

ஆபீசுக்கு எழுதும் கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். சக்கை எடுத்த கூலியைத் தனியாகக் காட்டினால் கொடுக்கத் தயார். அடிப்பாகக் கசிவு தேய்மானம் என்பதால் அந்த பில்லை ஏற்கவில்லை. கருவி பொருத்திய தேதி, வாங்கிய ரசீது, ஆள் எத்தனை மணி நேரம் வேலை செய்தார், மணிக்கு எவ்வளவு என்ற விவரம் வேண்டும். கசிவை உடனே நிறுத்துங்கள். இவ்வளவு போதும், கோபம் வேண்டாம். பழுதைப் பற்றிப் புகார் சொன்னதற்காக 180 நாளுக்குள் வாடகையை ஏற்றிப் பழிவாங்கவோ வெளியேற்றவோ 1942.5ஆம் பிரிவு தடை போடுகிறது. ஆனால் வாடகை பாக்கி இல்லாதவருக்கே அந்தப் பாதுகாப்பு.

பின்னாளில் வீட்டைக் காலி செய்யும்போது டெபாசிட்டில் பிடித்தால், 21 நாளுக்குள் விவரப் பட்டியல் தர வேண்டும். பழுது, சுத்தம் இரண்டும் சேர்ந்து 125 டாலரைத் தாண்டினால் ரசீதும் இணைக்க வேண்டும். கெட்ட எண்ணத்தோடு பிடித்தார்கள் என்று நீதிபதி கருதினால், டெபாசிட்டைப் போல இருமடங்கு வரை கூடுதலாகக் கொடுக்கச் சொல்லலாம். ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் தனிநபர் 12,500 டாலர் வரை வழக்குப் போடலாம். 1,500 டாலருக்கு உட்பட்ட வழக்குக்குக் கட்டணம் 30 டாலர். அங்கே உங்களுக்காக வக்கீல் வாதாட முடியாது, எதிர்த்தரப்புக்கும் அப்படியே. நீங்கள் இன்று எடுக்கும் படங்களையும் அனுப்பும் மின்னஞ்சல்களையும் அச்செடுத்து, தேதிவாரியாக அடுக்கி, மூன்று பிரதிகளாகக் கொண்டுபோனால் போதும்.