நாலுக்கும் ஒரே இலக்கம்: இணையத்தில் டீசல் பம்ப் சாமான் வாங்குவோர் கவனத்துக்கு

சில மாதங்களாக நமது வியாபாரிகள் பலர் என்னைக் காணும் இடமெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "காக்கா, நொசில், இன்ஜெக்டர், பம்ப் சாமான்களை இன்டர்நெட்டில் எடுக்கலாமா?" எடுக்கலாம். நானும் எடுக்கிறேன். ஆனால் இந்த வியாபாரத்தில் நான் கட்டிய பெரிய 'பீஸ்' ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் எடுக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது சரியல்ல.

எங்கள் வாப்பாவுக்கு யாழ்ப்பாணத்தில் லொறிச் சாமான் கடை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி வரை இருந்தது. அதன் பிறகு நடந்தது நம் எல்லோருக்கும் தெரியும். புத்தளத்தில் ஒரு தகரக் கொட்டிலில் அவர் மறுபடி கடை போட்டபோது கையில் முதல் இல்லை, கண்தான் முதல். ஒரு நொசிலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஊசியை உருவிப் பார்ப்பார். ஊசியை மீண்டும் உடலுக்குள் விட்டு நிமிர்த்தினால் அது தன் பாரத்திலேயே மெதுவாக வழுக்கி இறங்க வேண்டும். சட்டென்று விழுந்தால் தேய்ந்தது, நின்றுவிட்டால் அழுக்கு அல்லது வளைவு. பஞ்சிகாவத்தையில் சாமான் எடுக்கப் போனால் பெட்டியைப் பார்க்கமாட்டார், பெட்டிக்குள் இருப்பதைத்தான் பார்ப்பார். 2009க்குப் பிறகு நாங்கள் திரும்பி வந்து யாழ்ப்பாணத்தில் கடையைத் திறந்தபோது அவர் உயிரோடு இல்லை. கடையும் என்னுடையது, கண்ணும் என்னுடையதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

நாம் ஏன் இணையத்துக்குப் போனோம் என்பதையும் சொல்ல வேண்டும். ஆசையால் மட்டும் போகவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025இல்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் குடாநாட்டில் ஓடிய ஒவ்வொரு வானும், லொறியும், உழவு இயந்திரமும் ஐந்து வயது கூடிவிட்டன. போதாததற்கு 2022 வந்தது. பிளாஸ்ரிக் கானில் நாட்கணக்காகக் கிடந்த டீசல், தண்ணீர் கலந்த டீசல், மண்ணெண்ணெய் கலந்த டீசல் எல்லாம் எஞ்சினுக்குள் போயின. 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெயை 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு உயர்த்தும் வரை, அதற்கும் டீசலுக்கும் இடையில் லீற்றருக்கு 300 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. யார்தான் கலக்கமாட்டார்கள்? ஆனால் டீசல் பம்புக்கு எண்ணெய் ஊற்றுவது டீசல்தான். சுழலும் வகைப் பம்புகளுக்கு வேறு எண்ணெயே கிடையாது. மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புப் போதாது. பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் பங்காக்கினால் அதில் இரண்டு மூன்று பங்குதான். அங்கே ஒரு கீறல் விழுந்தால் பம்ப் முடிந்தது. அதனால் அடுத்த இரண்டு வருடமும் பம்ப் ரூம்களில் வேலை குவிந்தது, எங்களிடம் சாமான் இல்லை, கொழும்பில் விலை கேட்டால் தலை சுற்றியது.

இப்போது என் கதை. 2023இல் சுன்னாகத்து வாடிக்கையாளர் ஒருவருக்கு கே.டி.எச். வானுக்கு நாலு இன்ஜெக்டர் தேவைப்பட்டது. அந்த வான்தான் அவருடைய குடும்பத்தின் சோறு. கொழும்பில் ஒன்று எடுக்கும் விலைக்கு இணையத்தில் மூன்று வரும் போல இருந்தது. படத்தில் பெட்டி அசல் பெட்டி. ஜப்பான் கம்பனியின் பெயர், முத்திரை, பளபளக்கும் ஸ்ரிக்கர் எல்லாம் இருந்தன. விற்பவருக்கு வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் நட்சத்திரம் போட்டிருந்தார்கள். நான் கார்ட்டில் காசு கட்டினேன். சாமான் வந்தது. "ஒரிஜினல்தானே முதலாளி?" என்று அவர் கேட்டார். "ஒரிஜினல்" என்று சொன்னேன். அந்த ஒரு சொல்லை நான் யோசிக்காமல் சொன்னேன் என்பதுதான் இந்தக் கட்டுரையின் காரணம்.

கே.டி.எச். போன்ற வான்கள் 'காமன் ரெயில்' முறையில் ஓடுபவை. பழைய டொல்பின் வானின் நொசில் நூற்றுச் சொச்சம் பாரில் திறக்கும். காமன் ரெயிலில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டி 1,600, 1,800 என்று போகும். இந்த அழுத்தத்தில் இன்ஜெக்டருக்கு இன்ஜெக்டர் மிகச் சிறிய வித்தியாசம் இருந்தாலும் எஞ்சின் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே தொழிற்சாலையில் ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்து, அது எவ்வளவு கூட ஊற்றுகிறது, எவ்வளவு குறைய ஊற்றுகிறது என்பதை எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடாக அதன் தலையில் பொறிப்பார்கள். பூட்டும்போது அந்தக் குறியீட்டை ஸ்கானர் மூலம் வானின் கணினிக்குள் ஏற்ற வேண்டும்.

பூட்டிய தம்பி முதலாவதை ஏற்றிவிட்டு இரண்டாவதைப் பார்த்துச் சிரித்தார். "நானா, வேலை சுகம். நாலிலையும் ஒரே இலக்கம்தான்."

நானும் சிரித்தேன். இரண்டு பேருமே அந்த இடத்தில் வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். தனித்தனியே சோதித்த நாலு சாமானுக்கு ஒரே குறியீடு வருவதென்றால், நாலு பிள்ளைகளுக்கு ஒரே கைரேகை என்பது போல. ஒரு அசலின் படத்தை எடுத்து ஆயிரம் கொப்பியில் அடித்திருக்கிறார்கள்.

மூன்று வாரம் ஓடியது. ஒரு கலியாணக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகும்போது விடியப்புறம் எனக்குத் தொலைபேசி. "முதலாளி, வான் முறிகண்டியிலை நிக்குது. பின்னாலை ஒரே புகை. எஞ்சின் அடிக்குது." கழற்றிப் பார்த்தால் மூன்றாவது பிஸ்டனின் தலையில் துளை. பம்ப் ரூமில் இன்ஜெக்டர்களைச் சோதித்தபோது இரண்டு சொட்டின. மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் டீசலை ஒழுகவிட்டால் அது பிஸ்டனின் மேலேயே நின்று எரியும். அலுமினியம் எத்தனை நாள் தாங்கும்?

இணைய விற்பனையாளருக்கு எழுதினேன். பொருள் கைக்கு வந்து முறைப்பாடு செய்யும் நாட்கள் முடிந்துவிட்டன என்று பதில் வந்தது. திருப்பி அனுப்பலாம், ஆனால் செலவு என்னுடையது. சாமானின் விலையைவிட அது கூட. நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. வாடிக்கையாளர் விரும்பினால் அங்கே முறையிடலாம். ஆனால் யார் மீது? என் மீது. கடல் கடந்து உட்கார்ந்திருப்பவர் மீதல்ல. சட்டத்தை விடுங்கள். அவர் வாங்கியது இணையத்திலல்ல, என் வாயிலிருந்து வந்த சொல்லை.

பிஸ்டன், ரிங், கெஸ்கட், கூலி, கலியாணக்காரருக்குப் பிடித்துக்கொடுத்த மாற்று வான், பிறகு கொழும்பில் ரசீதோடு எடுத்த நாலு அசல் இன்ஜெக்டர், எல்லாம் நான் கட்டினேன். மிச்சம் பிடித்ததைப் போல ஐந்து மடங்கு போயிற்று. வான் ஒரு மாதம் ஓடாமல் நின்றதற்கு நான் கொடுத்தது போதாது என்று எனக்குத் தெரியும். அவர் வேண்டாம் என்றார். அதுதான் கூடச் சுட்டது.

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு, உள்ளே நனைந்திருந்ததைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த சம்பவத்தை நாம் ஜும்ஆவில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். இணையத்தில் குவியலுக்குள் கை விட முடியாது. படம் தானியத்தின் மேற்பரப்புத்தான். அங்கே கை என்பது இலக்கம். இலக்கத்தை வாசிக்கத் தெரியாதவர் இந்தச் சாமான்களை அங்கே வாங்கக் கூடாது.

ஆகவே இலக்கங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். வண்டியின் பெயரையும் ஆண்டையும் மட்டும் போட்டுத் தேடாதீர்கள். ஒரே வண்டிக்கு இரண்டு மூன்று வகைப் பம்ப் வந்திருக்கும். பம்பின் பக்கத்தில் உள்ள தகட்டைத் துடைத்து அதைப் படமெடுங்கள். டென்சோ காமன் ரெயில் இன்ஜெக்டர்களில் 095000 என்று தொடங்கும் இலக்கம் நிறைய வரும். அதே சாமானுக்கு டொயோட்டா தன் கணக்கில் 23670 என்று தொடங்கும் இன்னோர் இலக்கம் வைத்திருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்.

நொசிலில் டிஎல்எல்ஏ 150 பி என்று இருந்தால், 150 என்பது டீசல் விசிறும் கூம்பின் பாகை. பி என்றால் மெல்லிய உடல், எஸ் என்றால் தடித்தது. 150 இருக்க வேண்டிய இடத்தில் 140 போட்டாலும் பூட்டுப்படும், எஞ்சின் ஓடும். பிஸ்டனின் குழிக்குள் விழ வேண்டிய டீசல் வேறிடத்தில் விழும், கரும்புகை வரும், வாடிக்கையாளர் டீசல் சரியில்லை என்று நினைப்பார். டொல்பின் போன்றவற்றின் சுழலும் பம்புக்கு ஹெட் எடுப்பவர்கள் 4/10ஆர் என்பது போன்ற குறியைப் பாருங்கள். நாலு சிலிண்டர், பிளஞ்சர் 10 மில்லிமீற்றர், தண்டுப் பக்கம் நின்று பார்த்தால் வலஞ்சுழி. அதே படம், அதே விலை, கடைசி எழுத்து மட்டும் எல் என்றிருந்தால் அது இடஞ்சுழி. அதைப் பூட்டிவிட்டு ஸ்ரார்ட் ஆகவில்லை என்று பற்றரியைக் குறை சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும்.

பழைய சாமானைத் தேடுபவர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. தகட்டில் உள்ள பெயர் செத்துவிட்டாலும் இலக்கம் சாவதில்லை. மஸ்ஸி பேர்கசன் 135இன் பம்பில் சி.ஏ.வி. என்று இருக்கும். சி.ஏ.வி.யை 1926இல் லூக்காஸ் வாங்கியது. லூக்காஸின் டீசல் பகுதியை 2000இல் டெல்பி எடுத்தது. அதை 2020இல் போர்க்வோர்னர் எடுத்தது. 2023இல் அது பினியா என்று தனிக் கம்பனியாகப் பிரிந்தது. இத்தனைக்குப் பிறகும் சாமான் டெல்பி பெட்டியிலேயே வருகிறது. இசுசு லொறிகளில் காணும் டீசல் கிக்கியும் அப்படித்தான். 1990இல் செக்செல் ஆகி, பிறகு பொஷ் கைக்குப் போனது. பெயரைத் தேடினால் ஒன்றும் வராது, இலக்கத்தைத் தேடினால் வரும். சாவகச்சேரியில் மூன்று வருடம் மரத்தடியில் நின்ற ஒரு உழவு இயந்திரத்துக்கு பம்ப் சீல் கிட் இப்படித்தான் எடுத்தேன். பஞ்சிகாவத்தையில் நாலு தடவை ஏறி இறங்கியும் கிடைக்காத சாமான் பதினெட்டு நாளில் வீட்டு வாசலுக்கு வந்தது. இணையத்தைத் திட்டிக்கொண்டே இருப்பவர்களுக்கு இதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது என் கடையில் இணையத்தில் வாங்குவது சீல் கிட், வோஷர், பீட் பம்ப், பழைய சுழலும் பம்பின் சில்லறைச் சாமான், இலக்கம் பொருந்தினால் சாதாரண நொசில் ஆகியவை. காமன் ரெயில் இன்ஜெக்டரும், அந்தப் பம்பில் வரும் எஸ்.சி.வி. வால்வும் முகவரிடம் ரசீதோடுதான். எஸ்.சி.வி.யில் கொப்பி மலிந்து கிடக்கிறது. பிளஞ்சரையும் உறையையும் தனித்தனியே விற்பவரைக் கண்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். அவை ஒன்றுக்கொன்று தேய்த்துச் சோடி சேர்க்கப்பட்டவை, மாற்றிப் போட முடியாது.

பெட்டி வந்த அன்றே தொலைபேசியில் வீடியோ எடுத்துக்கொண்டு திறவுங்கள். விலை கணக்கிடும்போது கூரியர், சுங்கம், 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதமான வற் வரி எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள், பாதி 'மலிவு' அங்கேயே கரைந்துவிடும். நொசிலை அன்றே பம்ப் ரூமுக்குக் கொண்டுபோய்க் கைப் பம்பில் வைத்துப் பாருங்கள். திறக்கும் அழுத்தத்துக்கு 20 பார் கீழே பிடித்துப் பத்து வினாடி வைத்தால் முனையில் ஒரு சொட்டும் விழக்கூடாது. அதற்குப் பிறகுதான் அதை விலை சொல்லித் தட்டில் வைக்கிறேன். கேட்பவரிடம் இது இணையத்தில் எடுத்தது, சோதித்தது, இன்ன கம்பனியுடையது என்று சொல்கிறேன். சிலர் அதைக் கேட்டு அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும்.

சுன்னாகத்து வான்காரர் இன்னும் என்னிடம்தான் பில்டர் எடுக்கிறார். எடுத்தவுடன் திருப்பித் திருப்பி இலக்கத்தை வாசிப்பார். நான் ஒன்றும் சொல்வதில்லை. அந்த நாலு இன்ஜெக்டரும் என் மேசை லாச்சியில் இருக்கின்றன. எடுத்துப் பார்க்க விரும்புகிறவர்கள் அஸருக்கு முன் வாருங்கள். அதற்குப் பிறகு நான் பெரும்பாலும் பம்ப் ரூமில்தான் நிற்பேன்.